நான்காம் பேலாவின் ஆட்சியைப் படித்து எழுதுவது எப்படி

ஹங்கேரியை 1235 முதல் 1270 வரை ஆண்ட நான்காம் பேலா என்றதும் மங்கோலியப் படையெடுப்புதான் முதலில் நினைவுக்கு வரும். அவருடைய முப்பத்தைந்து ஆண்டு ஆட்சியில் மங்கோலியர் ஹங்கேரி மண்ணில் இருந்தது ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. அந்த ஓராண்டை நடுவில் வைத்துக்கொண்டு, முன்னால் நடந்தவற்றை அதற்கான முன்னுரையாகவும் பின்னால் நடந்தவற்றை அதன் விளைவாகவும் சுருக்கிவிடுவது எளிது; அப்படி எழுதப்படும் கட்டுரையில் அரசர் காணாமல் போவார். இந்த ஆட்சியைப் படிக்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைக்கும் வழி வேறு. நிலம் யாரிடம் இருந்தது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, எந்த நிபந்தனையில் யாருக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டுவாரியாக நடந்து பாருங்கள். தொடர்பற்றவையாகத் தோன்றும் பல நிகழ்வுகள் அப்போது ஒரே கயிற்றில் வந்து சேரும்.

தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் பெயர்களை ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது. ஹங்கேரிய மொழியில் எஸ் என்ற தனி எழுத்து ‘ஷ’ என ஒலிக்கும். அதையடுத்து இஸட் வந்தால்தான் இரண்டும் சேர்ந்து ‘ஸ’ ஆகும். ஆகவே பேலாவின் மகன் பெயர் இஷ்த்வான். முடிசூட்டு விழா நடக்கும் நகரம் ஸேகெஷ்ஃபெஹேர்வார். ஊர்ப்பெயர்களில் இன்னும் கவனம் தேவை. ஹங்கேரியர் பொஜோனி என்றும் ஜெர்மானியர் பிரெஸ்பர்க் என்றும் அழைத்த நகரமே இன்றைய சுலோவாக்கியத் தலைநகரான பிராத்திஸ்லாவா. வாராத் என்று ஏடுகளில் வரும் ஊர் இன்று ருமேனியாவில் ஒராதியா என்ற பெயரில் இருக்கிறது. ஒரு நூல் ஒரு பெயரையும் மற்றொரு நூல் வேறொரு பெயரையும் பயன்படுத்தும்போது, ஒரே உடன்படிக்கையை இரண்டு உடன்படிக்கைகளாக எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. ஆட்பெயர்களிலும் இதே சிக்கல் வரும். நாடோர் என்பது அரசனுக்கு அடுத்த நிலையிலிருந்த உயர் பதவி. பேலா பதவியேற்றதும் கண்களைப் பறித்துத் தண்டித்த முன்னாள் நாடோரின் பெயர் தேனெஷ்; 1241இல் மலைக்கணவாயைக் காக்க அனுப்பிய நாடோரின் பெயரும் தேனெஷ்; படையெடுப்புக்குப் பிறகு அதே பதவிக்கு வந்த நெருங்கிய தோழரின் பெயரும் தேனெஷ். முதலாமவர் அம்புத்தின் மகன், இரண்டாமவர் தொமாய் குலத்தவர், மூன்றாமவர் த்யூர்யே குலத்தவர். குலப்பெயரை விட்டுவிட்டு எழுதினால் கண்ணிழந்தவரே கணவாயைக் காத்ததாகக் கதை முடிந்துவிடும்.

பெயர்கள் தெளிந்த பிறகு பேலாவிடம் போகாமல் அவருடைய தந்தை இரண்டாம் அந்திராஷிடம் போக வேண்டும். அரசக் கொடைக்கு அளவின்மையே சிறந்த அளவு என்று தம் சாசனத்திலேயே எழுதி வைத்தவர் அவர். பழைய அரசர்கள் கோட்டை நிலங்களைத் துண்டு துண்டாகவே கொடுத்து வந்த நாட்டில், இவர் முழு மாவட்டங்களையே பிரபுக்களுக்கு நிரந்தர உரிமையாக வழங்கினார். அந்தக் கோட்டை நிலங்களின் வருவாயில் வாழ்ந்து, அரசனுக்கு நேரடியாகப் படைப்பணி செய்து வந்தவர்கள் தங்களுக்கு மேலே திடீரென ஒரு பிரபு வந்து உட்காருவதைக் கண்டு கொதித்தார்கள். 1222ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனத்தை இந்தக் கொதிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். முழு மாவட்டங்களை நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது.

இந்த இடத்தில் குடும்பத்துக் காயம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1213 செப்டம்பரில் அந்திராஷ் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்த ஹாலிச் நாட்டின் மீது படையெடுத்துச் சென்றிருந்தபோது, பிலிஷ் காட்டில் வைத்து பேலாவின் தாயான அரசி கெர்த்ரூதைப் பிரபுக்கள் சிலர் கொன்றனர். 1206இல் பிறந்த பேலாவுக்கு அப்போது ஏழு வயது நிரம்பவில்லை. நேரடியாகக் கொலை செய்தவர் தண்டிக்கப்பட்டார்; சதியில் பங்கிருந்ததாகக் கருதப்பட்ட வேறு பலர் பதவிகளில் தொடர்ந்தனர். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் பிற்காலத்தில் வளர்ந்த கசப்புக்கு இந்தக் கொலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பேலா ஆட்சிக்கு வந்ததும் தந்தையின் ஆலோசகர்கள் மீது காட்டிய கடுமையை, இதை அறியாமல் படித்தால் வெறும் ஆணவமாகவே தோன்றும்.

அடுத்து 1235 முதல் 1241 வரையிலான ஆறு ஆண்டுகளை நிதானமாக வாசிக்க வேண்டும். என் கணிப்பில் முழு ஆட்சிக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. 1235 செப்டம்பரில் தந்தை இறந்தார். அக்டோபர் 14 அன்று பேலா முடிசூடினார். இளைய அரசராக இருந்தபோதே, 1228 முதல், தந்தையின் கொடைகளை மறுஆய்வு செய்து திரும்பப் பெறும் பணியை அவர் தொடங்கியிருந்தார். இப்போது அதைத் தீவிரமாக்கினார். அரசவையில் பிரபுக்கள் அமர்ந்திருந்த இருக்கைகளை எரிக்கச் செய்து, மிக உயர்ந்தோர் சிலரைத் தவிர மற்றவர்கள் நின்றபடியே பேச வேண்டும் என்று ஆணையிட்டார். முறையீடுகளை நேரில் சொல்லாமல் செயலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தார்.

இவற்றுக்கான முதன்மைச் சான்று ரொஜேரியுஸ் என்ற இத்தாலியக் குருவானவர் எழுதிய ‘துயரப் பாடல்’. பாடல் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது உரைநடையில் அமைந்த நீண்ட மடல். அவர் வாராத் மறைமாவட்டத்தில் தலைமைத் திருத்தொண்டராக இருந்து, மங்கோலியரிடம் சிக்கித் தப்பியவர். அவருடைய ஏட்டில் வாசகர் கவனிக்க வேண்டிய ஓர் அமைப்பு உண்டு. அரசர் மீது மக்கள் கொண்டிருந்த வெறுப்பின் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, பிறகு அதே வரிசையில் அரசர் தரப்பு விடைகளையும் அவர் தருகிறார். நீங்களும் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் குற்றச்சாட்டையும் வலப்பக்கம் விடையையும் எழுதிப் பாருங்கள். நிலத்தைப் பறித்தார் என்பது குற்றச்சாட்டு; முன்னோர் கொடுத்தவை அரசையே காலி செய்துவிட்டன என்பது விடை. எழுத்து முறையீட்டால் வழக்கு முடிவதில்லை என்பது குற்றச்சாட்டு. சிறு வழக்குகளைச் செயலகமே தீர்த்துப் பெரியவற்றை மட்டும் அரசரிடம் அனுப்புவதே நோக்கம் என்பது விடை. இரு பக்கத்தையும் நிரப்பிய பிறகு பார்த்தால், இந்த அரசர் நிர்வாகத்தைச் சீர்செய்ய முயன்றவராகவும், ஆட்களைக் கையாளத் தெரியாதவராகவும் ஒருசேரத் தெரிவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை.

புல்வெளி நாடோடிகளான கூமானியர் விவகாரத்தையும் அந்தத் தாளிலேயே சேர்க்க வேண்டும். மங்கோலியரிடம் தோற்று மேற்கே ஓடிவந்த கூமானியத் தலைவர் கோதெனையும் அவருடைய மக்களையும் 1239இல் பேலா வரவேற்று இடம் கொடுத்தார். பிரபுக்களைச் சாராத ஒரு குதிரைப்படை அரசருக்கு இதனால் கிடைத்தது. குடியானவர்களுக்கோ வயலை மேய்ந்து அழிக்கும் மந்தைகள் கிடைத்தன. இரண்டையும் எழுதுங்கள். மங்கோலியர் வரப்போவது அரசருக்குத் தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வோல்கா நதிப்பக்கம் சென்ற தொமினிக்கன் துறவி யூலியான், மங்கோலியத் தலைவர் பாத்து கான் அனுப்பிய எச்சரிக்கை மடலையே 1237இல் கொண்டுவந்திருந்தார். கூமானியரை வைத்துக்கொள்ளாதே என்பதும் அந்த மடலின் செய்திகளில் ஒன்று.

இப்போது 1241க்கு வரலாம். இந்தப் பகுதியை எழுதும்போது நாள்களை வரிசைப்படுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மார்ச் 12 அன்று வெரெட்ஸ்கே கணவாயில் தொமாய் தேனெஷின் காவல் உடைந்தது. சில நாள்களில் மங்கோலிய முன்னணிப் படை பெஷ்த் நகருக்கு அருகே வந்துவிட்டது. கூமானியர் மங்கோலியரின் ஒற்றர்கள் என்ற வதந்தி பரவி, பெஷ்த்தில் கோதென் கொல்லப்பட்டார். அரசர் பெரிதும் நம்பியிருந்த குதிரைப்படை அதனால் கொள்ளையடித்தபடியே தெற்கு நோக்கிப் போய்விட்டது. ஏப்ரல் 9 அன்று போலந்தின் லெக்னிட்சாவில் மங்கோலியரின் மற்றொரு பிரிவு வென்றது. ஏப்ரல் 11 அன்று ஷாயோ ஆற்றங்கரையில், மூஹி என்ற ஊரருகே, ஹங்கேரியப் படை அழிந்தது.

மூஹிப் போருக்கு ரொஜேரியுஸை மட்டும் நம்பாமல், ஸ்பிளிட் நகரத் தலைமைத் திருத்தொண்டர் தோமாவையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். பாளையத்தைச் சுற்றி வண்டிகளை நெருக்கி நிறுத்தியதையும், கூடாரக் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால் ஆபத்து வந்தபோது நகர வழியில்லாமல் போனதையும், பட்டிக்குள் அடைபட்ட மந்தை என்று பாத்து கான் அதைக் கண்டு மகிழ்ந்ததையும் தோமாதான் விவரிக்கிறார். ஆற்றுப் பாலத்தில் அரசரின் தம்பி கால்மானும் கலோச்சா பேராயர் உக்ரினும் இரவில் நன்றாகவே போரிட்டார்கள். மறுநாள் விடியலில் மங்கோலியர் எறிபொறிகளைக் கொண்டு பாலத்தைக் கைப்பற்றினர். மங்கோலியத் தளபதி சுபுதையின் படை வேறிடத்தில் ஆற்றைக் கடந்து சுற்றி வளைத்தது. உக்ரின் களத்திலேயே இறந்தார். கால்மான் காயங்களால் பின்னர் இறந்தார். தோமாவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அவர் ஸ்பிளிட்டின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அந்தப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பின்னாளில் அந்த இருக்கையில் வந்து அமர்ந்தவர்களில் ஒருவர் வேறு யாருமல்லர், ரொஜேரியுஸ்தான். நம் இரு சாட்சிகளும் ஒரே பேராலயத்தில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக இருந்தவர்கள். இருவர் சொல்வதும் எங்கெங்கே ஒத்துப்போகிறது என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். படைகளின் எண்ணிக்கையை மட்டும் எந்த ஏட்டிலிருந்தும் அப்படியே எடுத்தெழுத வேண்டாம்.

அரசர் தப்பிய பாதையை வரைபடம் இல்லாமல் படிக்கக் கூடாது. மூஹியிலிருந்து மேற்கே ஓடி அவர் ஆஸ்திரியக் கோமகன் இரண்டாம் பிரீதரிக்கிடம் அடைக்கலம் தேடினார்; அவரோ அரசரைப் பிடித்துவைத்துப் பணத்தையும் மூன்று மேற்கு மாவட்டங்களையும் எழுதி வாங்கிக்கொண்டார். அங்கிருந்து ஸாக்ரெபுக்கு வந்த பேலா திருத்தந்தைக்கும் புனித ரோமானியப் பேரரசருக்கும் உதவி கேட்டு எழுதினார். அவ்விருவரும் தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1241–42 குளிர்காலத்தில் டான்யூப் உறைந்ததும் மங்கோலியர் பனியின் மேல் நடந்தே மறுகரைக்கு வந்தனர். இளவரசர் காதான் அரசரைத் துரத்தியபடி அத்ரியாட்டிக் கடற்கரை வரை சென்றார். அரச குடும்பம் கிளிஸ் கோட்டையில் தங்கியிருந்தது. பேலா திரோகிர் நகரில் தஞ்சம் புகுந்தார். கிளிஸ் கோட்டையை மங்கோலியரால் பிடிக்க முடியவில்லை. அந்தக் கோட்டையில் அடைபட்டிருந்த காலத்தில் இறந்துபோன கத்தரீனா, மார்கரீத்தா என்ற இரு இளவரசிகளின் கல்பேழை இன்றும் ஸ்பிளிட் பேராலய வாசலுக்கு மேலே இருக்கிறது. அதே காலத்தில் பிறந்த மற்றொரு மகளுக்கும் மார்கரீத்தா என்றே பெயரிட்டார்கள். ஆகவே ‘பேலாவின் மகள் மார்கரீத்தா’ என்று வரும் இடத்தில் யாரைச் சொல்கிறார்கள் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1242 வசந்தத்தில் மங்கோலியர் ஏன் திரும்பிப் போனார்கள் என்ற கேள்விக்கு ஒற்றை வரி விடை எழுதுவதைத் தவிர்க்கலாம். பேரரசர் ஒக்தாயி கான் 1241 டிசம்பரில் இறந்ததுதான் காரணம் என்பது பரவலான விடை. மேய்ச்சல் பற்றாக்குறை, ஈரமான பருவநிலை, கற்கோட்டைகளின் எதிர்ப்பு ஆகியவற்றையும் அறிஞர்கள் முன்வைக்கிறார்கள். மக்கள்தொகை இழப்பைப் பற்றிய கணிப்புகளும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வேறுபடுகின்றன. ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் இந்த இடைவெளியையே எழுதுவது நேர்மையானது. படையெடுப்புக்குப் பின் வந்த பஞ்சத்தையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் நாம் கையில் பிடித்துவந்த நிலக் கேள்வி முழுப் பலனைத் தருகிறது. எந்த இடங்கள் தாக்குப்பிடித்தன என்று ஒரு பட்டியல் போடுங்கள். எஸ்டெர்கொம் நகரம் விழுந்தது, ஆனால் அதன் குன்றின் மேலிருந்த கோட்டை விழவில்லை. பன்னொன்ஹல்மா மடாலயம் விழவில்லை. சதுப்பு நிலம் சூழ்ந்த ஸேகெஷ்ஃபெஹேர்வாரும் விழவில்லை. மண்மேடும் மர வேலியும் கொண்ட பழைய மாவட்டக் கோட்டைகள் பெரும்பாலும் பயனற்றுப்போயின. பேலாவும் இதே பட்டியலைத்தான் மனத்தில் போட்டிருக்க வேண்டும். கல்லில் கோட்டை கட்டுவதற்கு அரசரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே கோட்டை கட்ட வேண்டும், கவசக் குதிரைவீரர்களைத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரபுக்களுக்கு நிலத்தைக் கொடுக்கத் தொடங்கினார். தந்தை கொடுத்ததைப் பறித்து வெறுப்பைச் சம்பாதித்தவர் இப்போது தாமே அள்ளிக் கொடுக்கிறார். அவர் இறந்தபோது ஏறத்தாழ நூறு புதிய கோட்டைகள் எழுந்திருந்தன என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அவற்றில் பெரும்பகுதி அரசருடையவை அல்ல என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்துக்குச் சாசனங்களே நல்ல வழிகாட்டிகள். 1242 நவம்பர் 16 தேதியிட்ட பொன் முத்திரைச் சாசனத்தால் ஸாக்ரெபின் கிராதெட்ஸ் குன்று சுதந்திர அரச நகரமானது. குன்றை மதிலிட்டுக் காக்க வேண்டும் என்பது அதற்கு ஈடான கடமை. தமக்கு அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக அரசர் அந்நகருக்கு ஒரு பீரங்கி கொடுத்தார், அது துருப்பிடிக்காமலிருக்க நாள்தோறும் சுட வேண்டும் என்றார் என்பது சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை. 1242இல் ஐரோப்பாவில் பீரங்கியே இல்லை என்பதால் இதைக் கதை என்றே எழுதலாம். 1244இல் பெஷ்த் நகரின் உரிமைகள் புதுப்பிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் எதிர்க்கரைக் குன்றில் மதில் சூழ்ந்த புதிய நகரம் எழுந்தது. இன்று புடாக் கோட்டைக் குன்று என்று உலகம் அறிவது அதைத்தான். 1251இல் யூதர்களுக்குப் பாதுகாப்புச் சாசனம் வழங்கினார். சாசனங்களைப் படிக்கும்போது முன்னுரையின் அலங்காரத்தைக் கடந்து, யார் பெறுகிறார், எந்தக் கடமைக்கு ஈடாகப் பெறுகிறார் என்ற இரண்டு வரிகளுக்கு நேரே போய்விடுங்கள். தேதிகள் புனிதர் விழாக்களை வைத்தும் ரோமானிய முறையிலும் எழுதப்பட்டிருக்கும். பதிப்பாசிரியர் மாற்றித் தந்திருக்கும் தேதியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

அரசரின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால், திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட்டுக்கு அவர் எழுதிய மடலைப் படியுங்கள். நவம்பர் 11 என்ற நாள் அதில் உண்டு. ஆண்டு எது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, 1247 என்போர் பலர். மங்கோலியர் மீண்டும் வரப்போகிறார்கள் என்ற அச்சம் அதில் வரிக்கு வரி தெரிகிறது. எல்லாரிடமும் உதவி கேட்டோம், சொற்களைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்கிறார். மகள்களை ருத்தேனிய, போலந்துக் கோமகன்களுக்கு மணமுடித்ததும், மூத்த மகனுக்குக் கூமானியப் பெண்ணைக் கொண்டதும் நாட்டின் காவலுக்காகவே என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். கோதெனின் கொலையோடு ஓடிப்போன கூமானியரைத் திரும்ப அழைத்து டான்யூபுக்கும் திஸா ஆற்றுக்கும் இடையிலான சமவெளியில் குடியேற்றியவரும் இவர்தான். அங்குள்ள கிஷ்குன்ஷாக் என்ற வட்டாரப் பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. இந்த மடலையும் 1239இன் நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அதே முடிவை அவர் இரண்டாம் முறை எவ்வளவு கனத்த மனத்தோடு எடுத்தார் என்பது விளங்கும்.

மேற்கு எல்லைப் போர்களைச் சுருக்கமாகவே எழுதலாம். 1246இல் லைத்தா ஆற்றருகே நடந்த போரில் ஆஸ்திரியக் கோமகன் பிரீதரிக் இறந்தார். வாரிசில்லாத அவர் நாட்டுக்காக பேலாவும் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஒட்டகாரும் மோதினர். 1254இல் ஆஸ்திரியாவை ஒட்டிய ஸ்டீரியா பேலாவுக்குக் கிடைத்தது. 1260இல் கிரெசென்புருன் போரில் தோற்று அதை இழந்தார். அமைதியை விரும்பியவர், ஆனால் போர்க்களத்தில் அதிர்ஷ்டமற்றவர் என்ற பொருளில் பதினான்காம் நூற்றாண்டின் ஓவிய வரலாற்றேடு அவரைக் குறிப்பிடுவது இந்தச் சூழலில்தான். தமிழில் எழுதுவோருக்கு ஸ்டீரியாவின் விவரங்களை விட அடுத்து வரும் குடும்பப் போர் முக்கியமானது.

மகன் இஷ்த்வான் தமக்கென்று பங்கு கேட்டார். 1262இல் பொஜோனியில் செய்த உடன்பாட்டின்படி டான்யூபுக்குக் கிழக்கே உள்ள நாடு ஏறத்தாழ முழுவதும் அவர் கைக்குப் போனது. இரண்டு அரசவைகள், இரண்டு செயலகங்கள், தங்கள் பக்கம் பிரபுக்களை இழுக்க இரு தரப்பிலும் நிலக்கொடைகள். 1264இன் இறுதியில் போர் மூண்டது. 1265 மார்ச்சில் இஷஸெக்கில் மகன் வென்றார். 1266 மார்ச் 23 அன்று டான்யூப் ஆற்றிலுள்ள முயல் தீவில் சமாதானம் ஆயிற்று. இந்தப் போரில் யார் யாருடன் நின்றார்கள் என்று தேடும்போது, முன்பு அடிக்கோடிட்டு வைத்த கோட்டைகளின் உரிமையாளர்களே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவார்கள். 1267இல் அரச ஊழியர் என்று அழைக்கப்பட்ட சிறு நிலவுடைமையாளர்களின் உரிமைகளைத் தந்தையும் மகன்களும் சேர்ந்து உறுதிசெய்த ஆணையையும் இங்கேயே படியுங்கள். அதில் அவர்கள் பிரபுக்களுக்கு இணையான சொல்லால் அழைக்கப்படுகிறார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாத்தா அந்திராஷிடம் கேட்டுப் பெற்றதன் தொடர்ச்சி அது.

குடும்பத்துப் புனிதர்களைப் பற்றி எழுதுவோர் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். பேலாவின் சகோதரி எலிசபெத் 1235இலேயே புனிதராக அறிவிக்கப்பட்டார். கிளிஸில் பிறந்த மார்கரீத்தாவை, நாடு மீண்டால் கடவுளுக்கு அர்ப்பணிப்பதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டார்கள். முயல் தீவில் கட்டிய தொமினிக்கன் மடத்தில் வாழ்ந்து 1270 ஜனவரியில் இறந்த அவர் புனிதரானது 1943இல்தான். புடாபெஷ்தின் அந்தத் தீவு இன்று அவர் பெயரால் மார்கித் தீவு எனப்படுகிறது. மடத்தின் இடிபாடுகளை அங்கே காணலாம். மற்றொரு மகள் கிங்கா போலந்துக் கோமகனின் மனைவி; அவர் 1999இல் புனிதரானார். ஹங்கேரிய உப்புச் சுரங்கத்தில் அவர் போட்ட மோதிரம் போலந்து உப்புப் பாளத்தில் கிடைத்தது என்ற கதையை மகிழ்ச்சியோடு எழுதுங்கள், ஆனால் ஆண்டுக் குறிப்புகளுக்கு நடுவே அதைச் செருகாதீர்கள்.

ஹங்கேரியர் பேலாவை ‘நாட்டின் இரண்டாம் நிறுவனர்’ என்று அழைக்கிறார்கள். கட்டுரையின் முதல் வரியில் இந்தப் பட்டத்தைப் போட்டால் அதன் பின் வருபவை எல்லாம் அதை நிரூபிக்கும் சாட்சிகளாகச் சுருங்கிவிடும். அவருடைய கடைசி ஆண்டை எழுதி முடிக்கும் வரை அதை ஒதுக்கி வையுங்கள். 1269இல் அவர் பிரியமாக வளர்த்த இளைய மகன் பேலா இறந்தார். 1270 மே 3 அன்று முயல் தீவில் அரசர் இறந்தார். மரணப் படுக்கையில் தம் மனைவி மரியா லஸ்காரினாவையும் மகள் அன்னாவையும் தம் ஆதரவாளர்களையும் பாதுகாக்கும்படி அவர் கேட்டுக்கொண்டது கிரெசென்புருனில் தம்மைத் தோற்கடித்த ஒட்டகாரிடம். பேத்தி குனிகுண்டாவின் கணவர் என்ற வகையில் ஒட்டகார் அப்போது உறவினராகியிருந்தார். இஷ்த்வான் அரியணை ஏறியதும் அன்னா அரச கருவூலத்தை எடுத்துக்கொண்டு பிராகா நகருக்குப் போய்விட்டார். அரசரின் உடலைக்கூட நிம்மதியாக விடவில்லை: அவர் விருப்பப்படி எஸ்டெர்கொமின் பிரான்சிஸ்கன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டதைப் பேராயர் பேராலயத்துக்கு மாற்ற, நீண்ட வழக்காடித்தான் துறவிகள் அதைத் திரும்பப் பெற்றார்கள்.